பண்ணைக்குட்டையில் நீச்சல் மிதவை: இடிச்ச வீட்டுத் தேக்கு, ரெசின், நீல டிரம்

தோப்புக்குட்டை:
பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. குட்டை 100 அடிக்கு 80 அடி, நடுவில் 12 அடி ஆழம், 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் விரிச்சது. பிள்ளைகள் நீந்திப் போய் ஏறி உட்கார நடுவில் ஒரு மிதவை மேடை போடணும். அளவு 10 அடிக்கு 8 அடி.

இருக்கிற சாமான்: இடிச்ச ஓட்டு வீட்டுத் தேக்கு. 4க்கு 2 சட்டம் 120 அடி நீளம் தேறும். 6 இஞ்சு அகலம், 1 இஞ்சு கனம் பலகை 160 அடி. 200 லிட்டர் நீல டிரம் 6.

கேள்வி மூணு. பலகை மேல ஃபைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வெச்சு ரெசின் அடிச்சுட்டா தண்ணி இறங்காம இருக்குமா? பாலியஸ்டர் ரெசினா, எப்பாக்ஸியா? 6 டிரம் போதுமா?

பழைய_மரம்:
ரெசினை அப்புறம் பார்ப்போம். முதல்ல மரத்தைப் பிரிங்க.

இடிச்ச மரத்துல நாலு விஷயம் பார்க்கணும். ஒண்ணு ஆணி. தலை உடைஞ்சு உள்ளேயே நிக்கிற ஆணி கண்ணுக்குத் தெரியாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூல்ல கட்டி சட்டம் நெடுக மெதுவா இழுத்துட்டுப் போங்க, ஆணி இருக்கிற இடத்துல திரும்பும். அங்க சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாம். இதைச் செய்யாம இழைப்பு மிஷின்ல விட்டா பிளேடு போச்சு.

ரெண்டாவது, வைரமா (கெட்டியான உள்மரம்) வெள்ளையா (ஓர மரம்). தேக்குன்னு பேர் இருந்தாலும் ஓரத்து வெள்ளை தேக்கு இல்லை. உளு துளைச்சிருக்கிறது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். தண்ணியில அதுதான் முதல்ல போகும். ஓரத்துல அரை இஞ்சு போனாலும் பரவாயில்லை, வெள்ளையைச் சீவித் தள்ளிடுங்க.

மூணாவது, சுவத்துக்குள்ள புதைஞ்சிருந்த நுனி. கைமரம், உத்தரம் எல்லாத்துலயும் சுவர் ஏறின இடத்துல ஒரு முழம் அழுகல் இருக்கும், மேல பார்த்தா நல்லா இருக்கும். உளி முனையை நாருக்குக் குறுக்கே குத்தி நெம்பிப் பாருங்க. நல்ல மரம் நீளச் சிலும்பா எழும்பும். அழுகினது சின்னச் சின்னக் கட்டியா உடையும். உடைஞ்சா அந்த முழத்தை அறுத்துப் போடுங்க. "ரெசின் ஊத்தினா கெட்டியாயிடும்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. குறுக்குப் பக்கத்துல அது சில மில்லிமீட்டருக்கு மேல இறங்காது, உள்ள அழுகல் அப்படியே இருக்கும்.

நாலாவது சுண்ணாம்பும் அடுப்புக் கரியும். சமையலறைக் கைமரம்னா எண்ணெய்ப் புகை ஊறியிருக்கும். அதுமேல எந்த ரெசினும் ஒட்டாது. புது மரம் தெரியிற வரைக்கும் இழைக்கணும். பழைய பெயின்ட் இருந்தா சுரண்டும்போது முகமூடி போடுங்க. அந்தக் காலப் பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூள் குட்டைத் தண்ணியில கலக்கக் கூடாது.

ஃபைபர்_மேஸ்திரி:
பலகை மேல மேட் வேண்டாம் தம்பி. காரணத்தோட சொல்றேன்.

தனித்தனிப் பலகை வெயில்ல சுருங்கும், தண்ணி பட்டா உப்பும். 6 இஞ்சுத் தேக்குப் பலகை அகலத்துல 1 மில்லி, 2 மில்லி ஆடுறது சாதாரணம். 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட்டும் பாலியஸ்டரும் காஞ்சா விறைப்பு. அது கூட ஆடாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ரெசின் தலைமயிர் கனத்துக்கு விரியும். அந்த விரிசல்ல தண்ணி இறங்கிடும், ஆனா வெளியே வர வழி இருக்காது. விரலை மடக்கித் தட்டிப் பாத்தா டொக் டொக்னு பொத்தலாச் சத்தம் கேட்கும். பிரிச்சுப் பாத்தா மேட் தோல் மாதிரி உரிஞ்சு வரும், அடியில மரம் கறுத்து நாறும்.

ரெசின் தண்ணியை வெளியே நிறுத்தும். உள்ள இருக்கிற தண்ணியையும் உள்ளேயே நிறுத்தும். இதை மனசுல வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும்.

மரத்துக்கு எப்பாக்ஸிதான். பாலியஸ்டர் ஃபைபர் மேல ஃபைபர் ஒட்டுறதுக்கு ராஜா. மரத்துல பிடிமானம் குறைவு, அதுலயும் தேக்குல எண்ணெய்ப் பசை இருக்கிறதால இன்னும் குறைவு.

கடலோரம்:
மேஸ்திரி அண்ணே, ஒரு சந்தேகம். மர வள்ளத்து மேலயே ஃபைபர் போட்டு ஓட்டுறாங்களே, அது மட்டும் எப்படி நிக்குது?

ஃபைபர்_மேஸ்திரி:
நல்ல கேள்வி. குமரி மாவட்டத்துல முட்டம் பக்கம் 1980களில் இருந்து கட்டின படகுல நிறைய மரைன் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையில நார் மாத்தி மாத்தி ஒட்டியிருக்கிறதால அது அகலத்துல ஆடாது, அதனால மேல போட்ட ஃபைபர் நிக்குது. இங்கயும் மேல் தளத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை வாங்கினா தாராளமா மேட் போடலாம். ஆனா அப்ப இடிச்ச தேக்குக்கு வேலையில்லை.

இன்னொண்ணு, படகு கரையேறிக் காயும். கட்டுமரத்தைப் பாருங்க, ரெசினும் கிடையாது பெயின்ட்டும் கிடையாது. தண்ணி குடிச்சுக் கனத்துடும்னுதான் கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மணல்ல காய வைக்கிறாங்க. நம்ம மிதவைக்கு அந்தக் காய்ச்சல் கிடையாது, வருஷம் முழுக்கத் தண்ணி மேலயேதான் கிடக்கும்.

தோப்புக்குட்டை:
சரிங்க. மேட் இல்லை, எப்பாக்ஸி. எவ்வளவு வாங்கணும்? எப்படிக் கலக்கணும்? மரம் காஞ்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பழைய_மரம்:
மரம் காஞ்சிருக்கான்னு பார்க்கிறதுக்கு நான் சொல்றேன். நுனியில இருந்து ஒரு அடி தள்ளி விரற்கடை கனத்துக்கு ஒரு துண்டு அறுங்க. நுனித்துண்டு எப்பவும் காஞ்சே இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கிராம் காட்டுற தராசுல எடை போடுங்க. அவன் அடுப்புல 105 டிகிரியில வெச்சு, எடை இறங்குறது நிக்கிற வரை விட்டு, மறுபடி போடுங்க. 118 கிராம் 104 ஆனா வித்தியாசம் 14. அதை 104ஆல் வகுத்தா 13.5 சதவீதம். 12க்குக் கீழ வரட்டும். வரலைன்னா கூரைக்கடியில, காத்து ஓடுற இடத்துல, நடுவுல ரீப்பர் கொடுத்து அடுக்கி விடுங்க. வெயில்ல போட்டா வெடிக்கும்.

ஃபைபர்_மேஸ்திரி:
அளவுக் கணக்கு. 4க்கு 2 சட்டம் சுத்தளவு 1 அடி, 108 அடி நீளத்துக்கு 108 சதுர அடி. 6க்கு 1 பலகை சுத்தளவு 14 இஞ்சு, 150 அடிக்கு 175 சதுர அடி. மொத்தம் 283, அதாவது 26 சதுர மீட்டர். பழைய மரம் முதல் கோட்டுல (பூச்சுல) குடிக்கும், சதுர மீட்டருக்கு 200 கிராம் வெச்சுக்கோங்க. ரெண்டாவது கோட்டுக்கு 150. ஆக 9 கிலோ சொச்சம். ஓட்டை அடைக்கிறது, பாத்திரத்துல தங்குறது எல்லாம் சேர்த்து 10 கிலோ.

நம்ம ஊர்க் கடையில சுலபமாக் கிடைக்கிறது எல்.ஒய். 556 எப்பாக்ஸி ரெசின், அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் எச்.ஒய். 951. எடையில 100க்கு 10. வேற ஜோடி வாங்கினா டப்பாவுல போட்ட அளவுதான், இந்த அளவைத் தூக்கி அதுக்குப் போடாதீங்க. தராசு இல்லாம கலக்கவே கூடாது.

இங்கதான் ஃபைபர் வேலை பழகின ஆளுங்களே தப்புப் பண்ணுவாங்க. பாலியஸ்டர்ல கேட்டலிஸ்ட்டை (இறுகத் தூண்டுற திரவம்) கொஞ்சம் கூட்டினா சீக்கிரம் இறுகும். அதே கையை எப்பாக்ஸியில காட்டினா வேலை கெடும். எப்பாக்ஸியில ஹார்ட்னரும் ஒரு பாகம், ரெசினோட ஜோடி ஜோடியாச் சேருற சாமான். கூடப்போனது ஜோடியில்லாம மிச்சம் நிக்கும், குறைஞ்சா ரெசின் மிச்சம் நிக்கும். ரெண்டு பக்கமும் பிசுபிசுப்புதான், எத்தனை நாள் ஆனாலும் காயாது, சுரண்டித்தான் எடுக்கணும்.

ஒரு தடவைக்கு 200 கிராம் ரெசின், 20 கிராம் ஹார்ட்னர், அதுக்கு மேல வேண்டாம். ரெண்டு நிமிஷம் நல்லாக் கலக்கி, மூலையெல்லாம் வழிச்சு, அகலத் தட்டுல ஊத்திடுங்க. மக்குல அரை கிலோ கலக்கி வெச்சா அதோட சூடு அதையே வேக வெக்கும், புகை வந்து மக்கு உருகிடும். தட்டுல பரப்பினா சூடு ஆறிடும், அரை மணி கிட்ட வேலை செய்யலாம், கோடையில அதுலயும் குறையும்.

வேலை நேரம் சாயங்காலம். காலையில அடிக்காதீங்க. வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு ரெசின் வழியாக் குமிழியா வெளிவரும், காஞ்சதும் ஒவ்வொண்ணும் ஒரு ஊசித்துளை. சாயங்காலம் மரம் குளிரக் குளிர காத்து சுருங்கி ரெசினை உள்ள இழுக்கும். ஒரே ரெசின், ஒரே மரம், நேரத்துல இவ்வளவு வித்தியாசம்.

அடிக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி தேக்கை அசிட்டோன் துணியால ஒரே திசையில துடைங்க, துணி மஞ்சளாகும். மஞ்சள் குறையிற வரை துணியை மாத்தி மாத்தித் துடைச்சு, காய்ஞ்சதும் உடனே ரெசின். மறுநாள் அடிச்சா எண்ணெய் மறுபடி மேல வந்திருக்கும்.

நுனிதான் தண்ணி குடிக்கிற வாய். வெட்டின நுனிக்கு மட்டும் மூணு கோட்டு, முந்தினது இறுகுறதுக்கு முன்னாடியே அடுத்தது. குடிக்கிற வரைக்கும் கொடுங்க.

முதல் கோட்டு காஞ்சதும் கையை வெச்சுப் பாருங்க. மெழுகு தடவின மாதிரி வழவழன்னு இருந்தா, அது ஹார்ட்னர் காத்து ஈரத்தோட சேர்ந்து மேல படிஞ்சது. அதுமேல அப்படியே ரெண்டாவது கோட்டு போட்டா உரியும். வெறும் தண்ணியும் பச்சை ஸ்க்ரப்பரும் போதும், தேய்ச்சுக் கழுவிக் காயவிட்டு, 120 நம்பர் உப்புத்தாள் போட்டு, அப்புறம் ரெண்டாவது. உப்புத்தாளை முதல்ல போட்டா அந்த மெழுகை உள்ள தேய்ச்ச மாதிரி ஆயிடும். தண்ணியில இறக்க ஒரு வாரம் விடுங்க.

கைக்கு நைட்ரைல் உறை. இந்த ஹார்ட்னர் தோல்ல பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தா பிறகு வாழ்நாள் முழுக்க எப்பாக்ஸி பக்கமே போக முடியாது. பட்டுட்டா சோப்பு, தண்ணி. தின்னர் வேண்டாம், அது தோலுக்குள்ள கொண்டுபோகும்.

பழைய_மரம்:
போல்ட் ஓட்டை விட்டுப் போச்சு. எல்லாம் பூசி முடிச்சுட்டு கடைசியில ஓட்டை போட்டா, ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு ஒரு வாசல். 10 மில்லி போல்ட்டுக்கு 14 மில்லி ஓட்டை போடுங்க. அடியில டேப் ஒட்டி எப்பாக்ஸி ஊத்தி நிரப்புங்க. இறுகினதும் நடுவுல 10 மில்லி போடுங்க. போல்ட்டைச் சுத்தி 2 மில்லி ரெசின் குழாய் நிக்கும், இரும்பு மரத்தைத் தொடவே தொடாது. குட்டைத் தண்ணிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 போதும், கடல், கழிமுகம்னா 316. வாஷர் பெரிசாப் போடுங்க.

பழைய ஆணி ஓட்டை, பொளி எல்லாம் அடைக்க: அதே தேக்குத் தூளை மெல்லிசாச் சலிச்சு, கலக்கின எப்பாக்ஸியில சேர்த்து, சப்பாத்தி மாவு பதத்துக்குக் கொண்டுவந்து அழுத்தி அடைங்க. பஜ்ஜி மாவு பதம்னா செங்குத்துப் பக்கத்துல வழிஞ்சு இறங்கிடும்.

மேல் பலகை விஷயத்துல மட்டும் மேஸ்திரி அண்ணன்கிட்ட எனக்கு வேற கருத்து. மேல் முகத்துக்கு ரெசின் எதுக்கு? வைரத் தேக்கு வெறுமனே கிடந்தாலே நிக்கும். மேல் முகம்தான் வெயிலையும் கால் தேய்மானத்தையும் வாங்குது. ரெசின் அங்கதான் முதல்ல உடையும், உடைஞ்ச இடத்துல தண்ணி தங்கும். சட்டத்துக்கு முழுசா, பலகைக்கு அடிமுகம், நுனி, ஓரம். மேல வெறும் மரம். ஈரம் போக ஒரு வழி இருக்கணும்.

ஃபைபர்_மேஸ்திரி:
வைரம் மட்டும்னா ஒத்துக்கிறேன். ஆனா ஒரு முகத்துல பூசி ஒரு முகத்தை விட்டா பலகை கிண்ணமா வளையும். ஒரு பக்கம் தண்ணி குடிக்குது, இன்னொரு பக்கம் குடிக்கலை.

பழைய_மரம்:
சரியான பாயிண்ட். அப்படின்னா பலகையில நுனிக்கு மட்டும் ரெசின், நாலு முகமும் வெறுமனே விட்டுடலாம். அகலம் 6 இஞ்சு இருக்கிறதை 3 இஞ்சா கிழிச்சுட்டா வளைவு தெரியாது. இடைவெளி 6 மில்லி, தண்ணி நிக்காம ஓடணும், பிள்ளைகள் விரலும் நுழையக் கூடாது. ஒவ்வொரு சட்டத்துலயும் ரெண்டு ஸ்க்ரூ, தலை 3 மில்லி உள்ள இறங்கணும், வெறுங்கால் நடக்கிற இடம். விளிம்பெல்லாம் இழைப்புளி போட்டு உருட்டிடுங்க. ரெசினும் பாதிதான் ஆகும்.

ஃபைபர்_மேஸ்திரி:
இப்படின்னா எனக்கு மறுப்பில்லை. 10 கிலோ வேண்டாம், 5 கிலோ வாங்கினாப் போதும். சட்டத்து மேல மட்டும் ரெசின் காஞ்சப்புறம் எனாமல் பெயின்ட் ரெண்டு கை. எப்பாக்ஸி தண்ணியைத் தாங்கும், சூரியனைத் தாங்காது. பெயின்ட் இல்லாம விட்டா மஞ்சளாகி, அப்புறம் வெள்ளைப் பொடியா உதிரும்.

மேல் பலகைக்கும் பூசியே தீருவேன்னு சொல்றவங்க, கடைசிக் கோட்டு ஈரமா இருக்கும்போதே சலிச்ச மணலைத் தூவி, காஞ்சதும் ஒட்டாததைக் கூட்டிட்டு, அதுமேல பெயின்ட் அடிங்க. மணல் இல்லாத ரெசின் தளம் ஈரக் காலுக்குக் கண்ணாடி.

மிதவை_கணக்கு:
இனி எடை. தேக்கு ஒரு கன அடி 18.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

கட்டமைப்பு: டிரம் மேல் உட்காரும் நீளச் சட்டம் 10 அடியில் 4. அதன் மேல் குறுக்குச் சட்டம் 8 அடியில் 6, அதாவது 2 அடிக்கு ஒன்று. மொத்தம் 88 அடி, 4.9 கன அடி. பலகை 150 அடி, 6.25 கன அடி. இரண்டும் சேர்ந்து 205 கிலோ. மரம் குடிக்கும் தண்ணீர், ரெசின், போல்ட், ஏணி எல்லாம் சேர்த்து 240 கிலோ.

200 லிட்டர் டிரம் தன் எடை போகக் கிட்டத்தட்ட 200 கிலோ தூக்கும். 6 டிரம் 1200 கிலோ. சராசரி 75 கிலோவில் 6 பேர் 450 கிலோ. மொத்தம் 690. பாதிக்குச் சற்று மேல்தான் மூழ்கும். ஆகவே போதும் என்று எல்லாரும் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுவார்கள். இது எல்லாரும் நடுவில் நிற்கும்போது மட்டும் சரி. நீச்சல் மேடையில் யாரும் நடுவில் நிற்பதில்லை.

பார்க்க வேண்டியது இரண்டு தூரம். எடை மையம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது? மிதப்பு மையம், அதாவது டிரம்கள் மேலே தூக்கும் விசையின் மையம், அதிகபட்சம் எவ்வளவு தூரம் போக முடியும்? முதலாவது இரண்டாவதைத் தாண்டினால் மேடை கவிழும்.

டிரம்கள் 10 அடி நீளவாக்கில் இரண்டு வரிசை, வரிசைக்கு 3. டிரம் நீளம் 93 செ.மீ., விட்டம் 58 செ.மீ. வரிசையின் மையம் நடுக்கோட்டிலிருந்து 91 செ.மீ. தள்ளி இருக்கும்.

10 அடி விளிம்பில் 4 பேர்: எடை மையம் 64 செ.மீ. போகும், மிதப்பு மையம் 91 வரை போகலாம். பிரச்சினை இல்லை. அதே விளிம்பில் 6 பேர்: 75க்கு 67. கவிழும்.

8 அடி விளிம்பில்தான் ஆபத்து. 4 பேர் அங்கே நின்றாலே எடை மையம் 78 செ.மீ., மிதப்பு மையம் போகக்கூடியது 77 மட்டுமே. 3 பேர் வரைதான் பத்திரம்: 68க்கு 85. மேடை நீளவாக்கில் உறுதி என்று தோன்றும். ஆனால் அந்த நுனியில் நிற்பவர்கள் நடுவிலிருந்து அதிகத் தூரத்தில் நிற்கிறார்கள், அங்கே கீழே இருப்பதோ இரண்டு டிரம் முனைகள் மட்டுமே. ஏணியை எல்லாரும் அந்தப் பக்கம்தான் வைக்கிறார்கள்.

தோப்புக்குட்டை:
இதை யோசிக்கவே இல்லைங்க. ஏணி 8 அடிப் பக்கம்தான் வெக்கிறதா இருந்தேன். என்ன வழி?

மிதவை_கணக்கு:
இரண்டு டிரம் கூடுதலாக வாங்குங்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே 124 செ.மீ. இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு டிரம்மைக் குறுக்காகப் படுக்க வைத்தால் 93 செ.மீ. உள்ளே அடங்கும். அதைத் தாங்க உள் நீளச் சட்டங்களுக்கு இடையே 5 அடித் துண்டு நான்கு வேண்டும், 20 அடி. மேலே மேஸ்திரி போட்ட 108 அடிக் கணக்கு இதையும் சேர்த்தே. எடை 20 கிலோ கூடும்.

இப்போது 8 அடி விளிம்பில் 4 பேர்: 75க்கு 102. 5 பேர்: 83க்கு 96. 6 பேர் நின்றால் இரண்டும் ஏறக்குறைய சமம், அங்கே போகாதீர்கள். 10 அடி விளிம்பு 6 பேரைத் தாங்கும். ஏணியை 10 அடிப் பக்கத்தின் நடுவில் வையுங்கள். "மொத்தம் 6 பேர், ஓரத்தில் 4 பேர்" என்று பலகையிலேயே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.

குறுக்கு டிரம் இன்னொரு வேலையும் செய்கிறது. நீருக்கடியில் நீந்தும் பிள்ளை மேடைக்கு அடியில் நுழைய இருந்த பெரிய வாசலை அது அடைக்கிறது.

டிரம்_கட்டு:
டிரம் பத்தி. வாய் முழுசாத் திறக்கிற, வளையம் போட்ட டிரம் வேண்டாம், மூடி கசியும். மேல ரெண்டு சின்ன மூடி இருக்கிற டிரம்தான் சரி. முன்னாடி என்ன இருந்ததுன்னு கேட்டு வாங்குங்க. பூச்சிமருந்து டிரம் குளிக்கிற குட்டைக்கு ஆகாது, எத்தனை தடவை கழுவினாலும் ஆகாது.

மூடியில டெஃப்லான் டேப் சுத்தி, விடியக்காலையில முறுக்குங்க. மத்தியானம் மூடினா உள்ள சூடான காத்து, தண்ணியில இறங்கினதும் சுருங்கி, மூடிச் சந்து வழியாத் தண்ணியை உறிஞ்சும். டிரம் நெளியறதும் இதனாலதான்.

நீல டிரம் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக். அதுல எப்பாக்ஸி, பாலியஸ்டர், சிலிக்கான் எதுவும் பிடிக்காது. ஒட்டி நிறுத்தலாம்னு நினைக்காதீங்க. ஒரு வரிசைக்கு ரெண்டு நீளச் சட்டம், நடுவுல 35 செ.மீ. விட்டா, டிரம் முதுகு 6 செ.மீ. உள்ள ஏறி உட்காரும், பக்கவாட்டுல உருளாது. தண்ணியே மேல தள்ளிப் பிடிச்சுக்கும். பட்டை அலைக்கும் ஆட்டத்துக்கும்தான். 2 இஞ்சு பாலியஸ்டர் பட்டை, டிரம்முக்கு ரெண்டு. மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயில்ல பொடியாகும்.

புதுவரவு:
டிரம் வாங்காம தெர்மாகோல் கட்டியைச் சுத்தி ஃபைபர் போட்டா லேசா இருக்காதா?

ஃபைபர்_மேஸ்திரி:
பாலியஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன் இருக்கு, தெர்மாகோலும் ஸ்டைரீன் வம்சம்தான். ரெசின் பட்ட இடம் கற்பூரம் மாதிரிக் கரைஞ்சு குழியாகும், உள்ள வெறும் ஓடு மிஞ்சும். எப்பாக்ஸி கரைக்காது, ஆனா அவ்வளவு பரப்புக்கு எப்பாக்ஸியும் துணியும் போட்டா செலவு டிரம்மைவிடப் பல மடங்கு.

வேற எதுக்காவது பாலியஸ்டர் கலக்குறவங்க கவனிங்க: ரெசின் 1 கிலோவுக்குக் கோபால்ட் (இறுகலை வேகப்படுத்துற திரவம்) 10 மி.லி. போட்டு முழுசாக் கலக்கிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட் 10 மி.லி. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் ஒண்ணாச் சேர்த்தா வெடிக்கும். ஒரே அளவுக் குவளையை ரெண்டுக்கும் மாத்தி மாத்திப் போடாதீங்க. கேட்டலிஸ்ட் கண்ணுல பட்டா பார்வையே போகலாம், கண்ணாடி போடாம மூடியைத் திறக்கக் கூடாது.

நீச்சல்_பயிற்சி:
மேடையைவிட முக்கியமான ரெண்டு.

ஒண்ணு மோட்டார். குட்டையில நீர்மூழ்கி மோட்டார் இருந்தா, ஆள் தண்ணியில இருக்கும்போது மெயினை அணைச்சு, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில வெச்சுக்கணும். ஸ்டார்ட்டரை நிறுத்தினா மட்டும் போதாது, ஆட்டோ ஸ்டார்ட்டர் கரன்ட் வந்ததும் தானா ஓட்டும். கரன்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஒயர் ஜாயிண்ட் தண்ணிக்குள்ள இருக்கக் கூடாது.

ரெண்டாவது ஷீட். பாசி பிடிச்ச சரிவுல பெரிய ஆளே ஏற முடியாது. ஷீட் போட்ட குட்டையில நீச்சல் தெரிஞ்சவங்களும் உயிரை விடுறது கரைக்கு வந்தப்புறம்தான், பிடிக்க ஒண்ணும் இல்லாம. நாலு கரையிலயும் முடிச்சுப் போட்ட கயிறு, மேல ஆழமா அடிச்ச முளையில கட்டி, ஒரு முடிச்சு தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி விடுங்க. ஒரு பக்கத்துல டயர் கட்டின கயிறு ஏணி. இது முடிஞ்ச பிறகுதான் மிதவை இறங்கணும்.

ஏணி: மேடை தண்ணிக்கு மேல 2 அடி உயரம் நிக்கும். கடைசிப் படி தண்ணிக்குள்ள குறைஞ்சது 2 அடி இறங்கணும். காலை வைக்க இடமில்லாம கையால மட்டும் எம்பி ஏற, களைச்ச பிள்ளையால முடியாது. தலைகீழாப் பாயறதுக்கு 12 அடி போதும், ஆனா சித்திரையில அந்த 12 எவ்வளவு ஆகும்னு பாருங்க. ஒரு கம்புல அடி அளவு குறிச்சு, மேடையில இருந்து மெதுவா இறக்கி ஆழம் பாருங்க. 10 அடிக்குக் கீழ போனா கால் முதல்ல குதிக்கிறது மட்டும்.

தோப்புக்குட்டை:
நங்கூரத்துக்குக் கான்கிரீட் கட்டை வார்க்கலாமா?

மிதவை_கணக்கு:
ஷீட் போட்ட குட்டையில் கூடாது. அலைக்கு அசைந்து அசைந்து மூலை ஷீட்டைக் கிழிக்கும். நாலு மூலையிலிருந்தும் கரை முளைக்கு நைலான் கயிறு கட்டுங்கள். நைலான் தண்ணீரில் மூழ்கும், நீந்துபவர் கழுத்து மட்டத்தில் மிதக்காது. நீர் இறங்கும்போது கயிற்றைச் சரிசெய்ய முடிச்சு கரைப்பக்கம் இருக்கட்டும்.

ஷீட் இல்லாத குளம் என்றால் கட்டை வார்க்கலாம், ஆனால் 60 கிலோக் கட்டை தண்ணீருக்குள் 35 கிலோதான்.

பழைய_மரம்:
இறக்குற விதம். முழுசாக் கட்டிட்டுத் தூக்கப் போனா 300 கிலோ தாண்டும், எட்டுப் பேராலயும் திருப்ப முடியாது. கரையில சட்டத்தைத் தலைகீழாப் போட்டு, டிரம்மை உட்கார வெச்சுப் பட்டை போடுங்க. அது 180 கிலோ, எட்டுப் பேர் திருப்பிடலாம். ஷீட் ஓரத்துல வாழை மரத்தை வெட்டிக் குறுக்க அடுக்கி அதுமேல வழுக்கி விட்டா போல்ட் முனை ஷீட்டைத் தொடாது. பலகையை மிதக்க விட்டப்புறம் மேல நின்னு அடிங்க.

மிதவை_கணக்கு:
ஆள் ஏறுவதற்கு முன் ஒரு சோதனை. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 15 நிரப்பினால் 300 கிலோ, 4 பேர் எடை. கரையோரமாக மேடையைக் கட்டி நிறுத்தி, 8 அடி விளிம்பில் இரண்டு இரண்டாக அடுக்குங்கள். டிரம் முனையில் பெயின்ட்டால் செ.மீ. கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு இரண்டு கேனுக்கும் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். ஒரே சீராக இறங்க வேண்டும். திடீரென்று ஒரு ஜோடிக்கு இரு மடங்கு இறங்கினால் அந்த மூலை டிரம் கசிகிறது, அல்லது பட்டை நழுவிவிட்டது. 15ஐயும் அப்படியே ஒரு இரவு விட்டு, காலையில் கோட்டைப் பாருங்கள். கேன் தண்ணீரில் விழுந்தாலும் நஷ்டமில்லை, மேலே கொஞ்சம் காற்று விட்டு மூடியிருந்தால் மிதக்கும்.

தோப்புக்குட்டை:
டிரம் ரெண்டு சொல்லியாச்சு. மரம் 14.2 சதவீதம் காட்டுது, கூரைக்கடியில அடுக்கியிருக்கேன். 12க்கு வந்ததும் ரெசின் வாங்கறேன். அதுக்குள்ள கரைக் கயிறும் முளையும் போட்டு முடிச்சிடறேன்.